சொந்தமாகக் கட்டிய கேம்பிங் டிரெய்லரில் சக்கரமும் மட்கார்டும்: எதை அலங்கரிக்கலாம், எதைத் தொடக்கூடாது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்களே சட்டம் போட்டு, பிளைவுட் வெட்டி, மேலே அலுமினியத் தகடு போர்த்தி, இரண்டு பேர் படுக்கிற அளவுக்குக் கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு டிரெய்லர் கட்டி முடித்துவிட்டீர்கள். மேல்பகுதி நினைத்தபடி வந்துவிட்டது. கீழே மட்டும் கருப்பு இரும்பு ரிம், மொட்டையான மட்கார்டு. சரக்கு ஏற்றும் டிரெய்லரின் கால்களைக் கழற்றி வந்து மாட்டியது போல இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். வீல் கேப் போடலாமா, டயரில் வெள்ளை வளையம் வரையலாமா, மட்கார்டில் கோடும் படமும் போடலாமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு மூன்றும் ஒரே கேள்வியாகத்தான் படுகிறது. சுற்றுகிற, குலுங்குகிற, கல்லடியும் சேறும் படுகிற இடத்தில் செய்கிற அலங்காரம் எப்படி நிற்கும்? வண்டிக்குக் கெடுதல் வராமல் அதை எப்படிச் செய்வது?

நான் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயிண்டிங் செய்பவன். பதினெட்டு வருடமாக இதே வேலை. எனக்கென்று இரண்டு சின்ன டிரெய்லர் கட்டியிருக்கிறேன், நண்பர்கள் கட்டிய சிலவற்றுக்கு பெயிண்ட் அடித்துக் கொடுத்திருக்கிறேன். உங்கள் வண்டியை நான் நேரில் பார்க்கவில்லை. ஆக்சில் டார்சன் வகையா (குழாய்க்குள் ரப்பர் வைத்துக் குலுக்கலைத் தாங்குவது), பட்டை ஸ்பிரிங்கா, பிரேக் உண்டா இல்லையா என்று நீங்கள் சொல்லவில்லை. அதனால் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதுகிறேன். இத்தனை வருடத்தில் என் மனதில் நன்றாகப் பதிந்த விஷயம் ஒன்று உண்டு: டிரெய்லரின் சக்கரம் நாம் அடிக்கடி பார்த்துப் படிக்க வேண்டிய இடம். காரில் ஒரு சக்கரம் தளர்ந்தால் ஸ்டியரிங்கில் தெரியும், இருக்கையில் தெரியும். பின்னால் வருகிற டிரெய்லரில் தளர்ந்தால் ஓட்டுபவருக்குத் தெரியாது. வண்டியை நிறுத்தும்போதெல்லாம் இறங்கிப் போய்க் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். அதனால் ஒரு அலங்காரத்தைப் பார்த்ததும் நான் கேட்கிற முதல் கேள்வி, அது போட்ட பிறகும் நட், வால்வு, ஹப் (ரிம் மாட்டியிருக்கும் நடுக்குடம்), டயரின் பக்கச்சுவர் எல்லாம் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதுதான்.

என்ன தெரிய வேண்டும் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். நட்டின் அடியிலிருந்து ரிம்மின் மேல் செம்மண் நிறத்தில் மெல்லிய கோடுகள் வெளிப்பக்கமாகக் கிளம்பியிருந்தால், அந்த நட் தளர்ந்து இரும்பு இரும்போடு உரசியிருக்கிறது என்று அர்த்தம். ஹப்பிலிருந்து கறுத்த எண்ணெய்ப் பிசுக்கு ஆரம் ஆரமாகத் தெறித்திருந்தால் கிரீஸ் கேப் தளர்ந்திருக்கும், உள்பக்கத்தில் தெறித்திருந்தால் பின்புற சீல் போயிருக்கும். இந்த இரண்டும் கருப்பு ரிம்மில் லேசில் தெரியாது. கிரீம் கலர், வெளிர் மஞ்சள், வெளிர் பச்சை மாதிரி ரிம்மில் பத்தடி தள்ளி நின்றாலே தெரியும். வெளிர் நிறம் அடித்தால் அழுக்கு காட்டும் என்று பலர் தயங்குவார்கள். அழுக்கைக் காட்டுவதால்தான் நான் அதைச் சிபாரிசு செய்கிறேன். உங்கள் டிரெய்லருக்கு அழகும் அங்கேதான் இருக்கிறது.

நிறத்தைப் பற்றிச் சொல்லும்போது அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். கருப்பு டயருக்குள் கருப்பு ரிம் இருந்தால் மொத்தமும் ஒரே இருட்டு வட்டமாகிவிடும். வடிவமே தெரியாது, சக்கரமும் சிறுத்துத் தெரியும். ரிம்மை வெளிர் நிறத்துக்கு மாற்றினால் அதே சக்கரம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். உங்களுடையது 12 அங்குல ரிம் என்று எழுதியிருக்கிறீர்கள். உயரமான உடம்புக்கு அடியில் அது பொம்மை வண்டிச் சக்கரம் போலத் தெரிவதற்கு நிறமும் ஒரு காரணம். என் வழக்கம், மொத்த வண்டிக்கும் இரண்டு நிறம், அதோடு உலோகத்தின் பளபளப்பு. அதற்கு மேல் சேர்ப்பதில்லை. உடம்பு வெள்ளி நிற அலுமினியம் என்றால் கதவின் விளிம்பிலோ, ஜன்னல் சட்டத்திலோ நீங்கள் ஏற்கெனவே பயன்படுத்திய நிறத்தை ரிம்முக்குக் கொண்டுவாருங்கள். மேலே இருக்கும் ஒன்று கீழேயும் திரும்ப வந்தால், கால்கள் அந்த உடம்புக்கே முளைத்த மாதிரி இருக்கும். இழுத்துச் செல்லும் காரின் நிறத்தை ரிம்முக்கு எடுப்பதும் நன்றாக வரும். கார் மாறும் என்ற எண்ணம் இருந்தால் மட்டும் வேண்டாம்.

சரி, ரிம்முக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிப்பது எப்படி? டயரைக் கழற்றி அடிப்பதுதான் சிறந்தது. கழற்ற வழியில்லை என்றால் சீட்டுக்கட்டு போதும். டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, பழைய சீட்டுகளை ரிம்மின் விளிம்புக்கும் டயருக்கும் நடுவே ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே வாருங்கள். ஒன்றின் ஓரம் அடுத்ததன் மேல் ஏறி நிற்கட்டும். சுற்றி வந்ததும் சூரியகாந்திப் பூ மாதிரி நிற்கும், டயரின் மேல் ஒரு துளி பெயிண்ட் படாது. அதற்கு முன்னால் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுத்து, 180 நம்பர் உப்புத்தாளிலும் பிறகு 320 நம்பரிலும் தேய்த்து, கிரீஸ் பிசுக்கு போகத் துடைத்துவிடுங்கள். பிசுக்குத் துடைப்பதைத் தேய்ப்பதற்கு முன்னும் ஒரு முறை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் தேய்க்கிற தாளே எண்ணெயை இரும்பின் கீறல்களுக்குள் ஏற்றிவிடும். பிறகு எபாக்ஸி பிரைமர், அதன் மேல் மெல்லிய பூச்சாக இரண்டு அல்லது மூன்று கை. ஒரே கையில் தடிமனாக அடித்தால் விளிம்பில் ஒழுகும், உள்ளே காயாது. உலோகத் தூள் கலந்த மெட்டாலிக் நிறம் வேண்டாம் என்பேன். கல்லடி பட்ட இடத்தில் பிறகு தொட்டு அடிக்கும்போது அந்த இடம் தனியாகத் தெரியும். சாதா நிறத்தில் சின்ன பிரஷ்ஷால் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

ரிம்மில் பெயிண்ட் படவே கூடாத இடங்கள் இரண்டு. இதைப் பற்றி எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒன்று, நட் வந்து உட்காரும் சாய்வான குழி. இன்னொன்று, ரிம்மின் பின்பக்கம் ஹப்போடு ஒட்டி உட்காரும் தட்டையான முகம். நட்டை முறுக்கும்போது ஸ்டட், அதாவது நட் மாட்டுகிற மரைக்கம்பி, ஒரு மயிரிழைக்கும் குறைவாக நீள்கிறது. அந்த இழுவிசைதான் சக்கரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. நடுவில் மூன்று கை பெயிண்ட் இருந்தால் அதன் தடிமன் அந்த நீட்சியைவிட அதிகம். ஓடும்போது சூட்டிலும் அழுத்தத்திலும் பெயிண்ட் நசுங்கி வெளியேறும், ஸ்டட் பழைய நீளத்துக்குத் திரும்பும், நட் தளரும். ஒரு நண்பர் ரிம்மை மிக நேர்த்தியாக, குழிக்குள்ளும் சேர்த்து அடித்துக் கொண்டுவந்தார். சரியான அளவுக்கு முறுக்கித்தான் அனுப்பினோம். அறுபது கிலோமீட்டர் ஓடிய பிறகு, அளவு பார்த்து முறுக்குகிற டார்க் ரென்ச் வைத்துப் பார்த்தால் ஒவ்வொரு நட்டும் கால் சுற்று சுற்றியது, ஒன்று கையாலேயே சுற்றியது. நட்டைக் கழற்றிப் பார்த்தபோது குழியின் ஓரத்தில் பெயிண்ட் பிதுங்கி வளையமாக நின்றது. அன்றே ஐந்து குழிகளையும் சுரண்டி வெறும் இரும்பாக்கினோம். நீங்கள் பெயிண்ட் அடிக்கும்போது பழைய நட்டுகளை ஓட்டைக்குள் தலைகீழாக வைத்துவிடுங்கள், அல்லது பேப்பர் டேப்பைக் கூம்பாகச் சுருட்டிச் செருகுங்கள். பின்பக்க முகத்தில் ஹப்பின் அளவுக்கு ஒரு காகித வட்டம் வெட்டி ஒட்டினால் போதும்.

இனி வீல் கேப். நடுவில் மட்டும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி உட்காரும் சின்ன கேப், ரிம் முழுவதையும் மூடும் தட்டு, ரிம்மின் விளிம்பில் மட்டும் மாட்டும் பளபள வளையம் என்று மூன்று வகை கிடைக்கும். எனக்குப் பிடித்தது வளையம்தான். நட்டும் ஹப்பும் திறந்தே இருக்கும், வால்வும் எட்டும், தூரத்திலிருந்து பார்த்தால் முழு கேப் போட்ட அளவுக்கு எடுப்பாகவும் இருக்கும். கவனிக்க வேண்டியது, ரிம்மின் வெளி விளிம்பில் பேலன்ஸ் ஈயக்கட்டி அடித்திருந்தால் வளையம் சரியாக உட்காராது. உள்பக்கம் ஒட்டுகிற கட்டியாக மாற்றச் சொல்லுங்கள். நடுக் கேப் வாங்குகிறவர்கள் அடிக்கடி ஏமாறுவது ஆழத்தில். டிரெய்லர் ஹப்பின் கிரீஸ் மூடி கார் ஹப்பைவிட அதிகமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், கிரீஸ் ஏற்றும் ஸ்பிரிங் மூடி வைத்திருந்தால் இன்னும் நீளும். கேப்பின் உட்பக்க ஆழத்தை அளந்துவிட்டு வாங்குங்கள். இன்னொன்று, இந்தக் கேப்புகள் மாட்டிக்கொள்ள ரிம்மில் சின்ன மேடுகள் வேண்டும். டிரெய்லருக்கென்று வரும் பல ரிம்களில் அவை கிடையாது. மேடு இல்லாத ரிம்மில் தட்டி உட்கார வைத்தால் முதல் பள்ளத்திலேயே பறந்துவிடும். அதற்காக ரிம்மில் துளை போடுவதோ வெல்டிங் வைப்பதோ ஒருபோதும் வேண்டாம். டியூப் இல்லாத டயராக இருந்தால் துளை வழியாகக் காற்று போகும், வெல்டிங் வைத்த இடத்தில் ரிம் விரிசல் விடும்.

ரிம்மில் சின்னச் சின்ன அலங்காரப் பொருட்களை ஒட்டலாமா என்றும் தோன்றலாம். இதற்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம். 60 சென்டிமீட்டர் விட்டமுள்ள டயர் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஓடும்போது நொடிக்குப் பன்னிரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. மையத்திலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி ஒட்டிய 10 கிராம் பொருளுக்கு அப்போது தன் எடையைப் போல் எண்பது மடங்குக்கு மேல் வெளிப்பக்கம் இழுவை இருக்கும். அதாவது ஒட்டுப்பசை முக்கால் கிலோவுக்கு மேல் தாங்க வேண்டும், அதுவும் வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்காக. சின்னச் சக்கரம் என்றால் அதே வேகத்துக்கு இன்னும் வேகமாகச் சுற்றும், இழுவை இன்னும் கூடும். கழன்று பறந்தால் அது போய் விழுவது பின்னால் வருகிறவரின் கண்ணாடியில். அதனால் சுற்றுகிற பாகத்தில் பெயிண்ட் மட்டும் இருக்கட்டும். ஒட்டுவதும் தொங்கவிடுவதும் எல்லாம் சுற்றாத மட்கார்டோடு நிற்கட்டும்.

டயரில் வெள்ளை வளையம் வேண்டும் என்ற ஆசை புரிகிறது. 1930-களிலும் 40-களிலும் வந்த சின்ன டிரெய்லர்களின் படங்களைப் பார்த்தால் யாருக்கும் அந்த ஆசை வரும். அந்தக் காலத்து வெள்ளை வளையம் டயர் தயாரிக்கும்போதே வெள்ளை ரப்பரை உள்ளே வைத்துச் செய்தது. இன்று கிடைக்கிற மாற்று இரண்டு: ரிம்முக்கும் டயருக்கும் நடுவே செருகும் வெள்ளை ரப்பர் வளையம், அல்லது டயர் பெயிண்ட். செருகும் வளையத்தை நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு நான் போடவே மாட்டேன். டயர் தரையைத் தொடும் ஒவ்வொரு முறையும் பக்கச்சுவர் பிதுங்கி உள்வாங்குகிறது, வளையம் அதோடு உரசிக்கொண்டே இருக்கும், வேகத்தில் படபடக்கும். நாளடைவில் பக்கச்சுவரில் வட்டமாகத் தேய்மானம் விழும், வளையம் மூடியிருப்பதால் அது கண்ணில் படாது. பெயிண்ட்டில் அந்த ஆபத்து இல்லை. நீடிப்பதுதான் சிரமம். ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்காமல் இருக்க அதில் மெழுகும் சில ரசாயனங்களும் கலந்திருக்கிறார்கள். அவை மெல்ல மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்துகொண்டே இருக்கும். கசிகிற அந்தப் பொருள்தான் வெள்ளையைப் பழுப்பாக்குகிறது, பெயிண்ட்டையும் தோல் தோலாக உரிக்கிறது. எத்தனை மாதம் தாங்கும் என்பது டயரைப் பொறுத்தது, ஓட்டத்தைப் பொறுத்தது. ஆண்டுக்கு ஒரு முறை சுரண்டி அடிக்கத் தயார் என்றால் அடிக்கலாம், தவறில்லை.

அதற்குப் பதில் நான் செய்து பார்த்து மனம் நிறைந்த வழி ஒன்று உண்டு. ரிம்மின் வெளி விளிம்பில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்துக்குக் கிரீம் வெள்ளை, அதற்கு உள்ளே உங்கள் நிறம். அங்கே ரப்பர் இல்லை, அதனால் பெயிண்ட் வளையாது, உரியாது. பத்தடி தள்ளி நின்றால் டயரில் வெள்ளை வளையம் இருப்பதாகவே கண் எடுத்துக்கொள்ளும். டயரில் எது செய்தாலும் பக்கச்சுவரில் உள்ள எழுத்துகளை மூடிவிடாதீர்கள். அங்கே தயாரிப்புத் தேதி நான்கு இலக்கத்தில் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்வதற்கு முன்பே வயதாகிப் போகும். பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று நம்பிப் பழைய டயரில் போகிறவர்கள் நிறைய. ஐந்தாறு வருடம் ஆனதும் மாற்றிவிடுவது நல்லது. அந்தத் தேதி கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

மட்கார்டுக்கு வருவோம். அலங்காரத்துக்கு உண்மையான இடம் இதுதான். பெயிண்ட்டைத் தொடுவதற்கு முன் இடைவெளியைப் பாருங்கள். டயரின் வளைவும் மட்கார்டின் வளைவும் ஒரே மையத்தைச் சுற்றி வருகிற மாதிரி, முன்னும் பின்னும் மேலும் இடைவெளி ஒரே அளவாக இருந்தால், எந்தப் படமும் போடாமலே வண்டி பாதி அழகு பெற்றுவிடும். முன்னால் நான்கு விரல், பின்னால் இரண்டு விரல் என்று இருந்தால் எவ்வளவு நுணுக்கமாகக் கோடு போட்டாலும் கண் அந்தக் கோணலுக்கே போகும். டயரின் மேல் குறைந்தது 75 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும், பக்கவாட்டில் ஒரு அங்குலமாவது வேண்டும். பட்டை ஸ்பிரிங் என்றால் மேலே இன்னும் தாராளமாக விடுங்கள். அழகுக்காக மட்கார்டைக் கீழே இறக்கி டயரோடு ஒட்டவைக்கத் தோன்றும். அப்படித் தோன்றினால் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை எலுமிச்சை அளவுக்கு உருட்டி, மட்கார்டின் உட்பக்க உச்சியில் டயருக்கு நேராக ஒட்டிவிட்டு, டிரெய்லரில் முழுச் சுமையையும் ஏற்றி, வேகத்தடை இருக்கிற சாலையில் மெதுவாக ஒரு சுற்று போய் வாருங்கள். களிமண்ணில் டயர் பதிந்திருந்தால் மட்கார்டை இறக்கக்கூடாது, இன்னும் மேலே ஏற்ற வேண்டும்.

அப்புறம் போல்ட். மட்கார்டை உடம்போடும் சட்டத்தோடும் இணைக்கிற போல்ட்டின் மழமழப்பான உருண்டைத் தலை டயர் பக்கம் இருக்க வேண்டும், நட்டும் மரையின் நுனியும் வெளிப்பக்கம். வெளியே நட் தெரிவது அசிங்கம் என்று என் முதல் டிரெய்லரில் நான் இதை மாற்றிப் போட்டேன். வெளியே அழகான உருண்டைத் தலைகள் வரிசையாகத் தெரிந்தன, உள்ளே மரை ஒரு சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தது. காலி வண்டியில் எல்லாம் சரியாக இருந்தது. சுமையோடு போன முதல் பயணத்தில் தங்குமிடம் சேர்ந்து பார்த்தபோது டயரின் தோளில் பென்சில் தடிமனுக்குப் பள்ளம், சுற்றிலும் ஒரே கோடாக, அடியில் நூல் தெரிகிற அளவுக்கு. அந்த டயரை அப்படியே தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. வெளியே நட் தெரிவது உறுத்தினால் குவிந்த மூடி நட் போடுங்கள். பளபளப்பாக ஒரே இடைவெளியில் இருந்தால் அதுவே நல்ல அலங்காரம்.

மட்கார்டு எந்த உலோகம் என்பதைப் பொறுத்து முன்வேலை மாறும். சாதா இரும்பு என்றால் ரிம்முக்குச் சொன்னதே. துத்தநாகப் பூச்சு உள்ள தகடு என்றால் எண்ணெய் எனாமலை நேரடியாக அடிக்கவே கூடாது. பெயிண்ட்டின் எண்ணெயும் துத்தநாகமும் சேர்ந்து அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகும். அடித்த நாளில் அருமையாக இருக்கும், சில மாதம் போனால் தாள் தாளாகக் கையோடு வரும். உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும் எட்ச் பிரைமரோ எபாக்ஸியோ முதலில் போக வேண்டும். அலுமினியத்துக்கும் அப்படித்தான். தேய்த்துத் துடைத்த அன்றே பிரைமர் அடித்துவிடுங்கள், மறுநாள் வரை வைத்தால் மேலே ஆக்சைடு படிந்துவிடும். பெயிண்ட்டே வேண்டாம், மெருகு போட்ட அலுமினியமாகவே விடலாம் என்றாலும் நன்றாகத்தான் இருக்கும், பருவத்துக்கு ஒரு முறை மெருகு போடப் பொறுமை வேண்டும். அலுமினிய மட்கார்டை இரும்புச் சட்டத்தில் மாட்டும்போது இரண்டும் நேராகத் தொடாமல் நடுவே ரப்பர் பட்டையும் போல்ட்டுக்கு நைலான் வாஷரும் வையுங்கள். ஈரம் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகக் கொட்டும். உடம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவே பைப்பிங் பீடிங் (விளிம்பில் உருண்டையாகத் தெரியும் மெல்லிய நாடா) கொடுத்தால் உரசலும் நிற்கும், கோணலான இடைவெளியும் மறையும். அந்த பீடிங்கிலேயே நிறம் சேர்க்கலாம். உடம்பு வெள்ளி, மட்கார்டு பச்சை, நடுவே மெல்லிய சிவப்பு பீடிங் என்று ஒன்று செய்தேன். வந்து பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் அந்தக் கோட்டைத்தான் விரலால் தடவினார்கள். கீழ் முனையில் மட்டும் ஒரு சென்டிமீட்டர் திறந்து விடுங்கள், உள்ளே இறங்குகிற தண்ணீர் வெளியேற வேண்டும்.

கோடும் படமும் எங்கே போடுவது என்பதைக் கல்லடி தீர்மானிக்கட்டும். காரின் பின்சக்கரம் வீசுகிற கல் வந்து அடிப்பது மட்கார்டின் முன் மூன்றில் ஒரு பங்கில். அங்கே எதை வரைந்தாலும் ஒரு வருடத்தில் அம்மைத் தழும்பாகிவிடும். அந்தப் பகுதிக்குத் தடித்த கறுப்பு ரப்பர் பூச்சோ, வளைத்து ரிவெட் அடித்த அலுமினியத் துண்டோ கொடுத்துவிட்டு, உச்சியையும் பின்பகுதியையும் படத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். உட்பக்கத்திலும் ரப்பர் பூச்சு வேண்டும், சொந்த டயர் வீசுகிற கல் உள்ளிருந்து அடித்து வெளியே புடைப்பு எழுப்பும். துருவின் மேல் அந்தப் பூச்சை அடித்தால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். சுத்தமான பிரைமர் மேல்தான் அடிக்க வேண்டும். ஸ்டிக்கரா, கையால் வரைவதா என்றால் மட்கார்டில் என் ஓட்டு கைக்குத்தான். இரண்டு திசையில் வளைகிற பரப்பில் அகலமான வினைல் சுருங்கி மடிப்பு விழும், ஓரத்தில் தண்ணீர் புகுந்து தூக்கும். மூன்று மில்லிமீட்டர் அகலக் கோட்டு டேப் என்றால் வளைந்து கொடுக்கும், அது சரி. எந்த வினைலாக இருந்தாலும் புதுப் பெயிண்ட்டின் தின்னர் ஆவி முழுவதும் போன பிறகே ஒட்டுங்கள், இல்லையென்றால் அடியில் கொப்புளம் எழும்.

கையால் கோடு இழுப்பது பயப்படுகிற அளவுக்குக் கடினம் இல்லை. அணில் முடியில் செய்த, வாள் மாதிரி நீண்ட மயிர் உள்ள கோட்டு பிரஷ் ஒன்று வாங்குங்கள். வழவழப்பான பத்திரிகைத் தாளில் எனாமலைக் கொஞ்சம் ஊற்றி, பிரஷ்ஷின் இரண்டு பக்கத்தையும் முன்னும் பின்னும் இழுத்து மயிர் முழுக்கச் சமமாக ஏற்றிக்கொள்ளுங்கள். சுண்டுவிரல் மட்கார்டின் விளிம்பைத் தொட்டபடி வழிகாட்டட்டும், தோளிலிருந்து கையை உங்களை நோக்கி ஒரே வேகத்தில் இழுங்கள். கண் பிரஷ்ஷின் நுனியில் இருக்கக்கூடாது, கோடு போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும். அடியில் கடினப்பூச்சு கலந்த இரண்டு பாகப் பெயிண்ட் நன்றாகக் காய்ந்திருந்தால் கோடு பிசகியதும் டர்பன்டைன் துணியால் துடைத்துவிட்டு மறுபடி இழுக்கலாம். என் முதல் மட்கார்டில் ஒரே கோட்டை ஒன்பது முறை துடைத்தேன், அடிப்பெயிண்ட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. படம் வரைவதென்றால் தாளில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வரைந்து, கோடுகளின் மேல் ஊசியால் நெருக்கமாகக் குத்தி, மட்கார்டில் ஒட்டிச் சுண்ணக்கட்டித் தூளை மெல்லிய துணி மூட்டையில் கட்டித் தட்டுங்கள். புள்ளிகள் இறங்கிவிடும். அதே தாளைப் புரட்டி ஒட்டினால் மறுபக்க மட்கார்டுக்கும் அச்சாக அமையும், பறவையோ குதிரையோ இரண்டு பக்கமும் முன்னோக்கியே பார்க்கும். எழுத்தை மட்டும் புரட்டாமல் தனித்தாளில் செய்துகொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்ல முடியாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். இரும்பு ரிம்முக்கு பவுடர் கோட்டிங் நல்லது, நட் குழியை மூடிவிட்டு அடிக்கச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அலாய் ரிம்மை அந்தச் சூளைச் சூட்டில் வைப்பது பற்றி வேலை தெரிந்தவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. ரிம் தயாரித்தவர் அனுமதித்தால் செய்யுங்கள். டயர் பளபளப்புத் திரவம் ரப்பரைக் கெடுக்கும் என்று சொல்பவர்களும் உண்டு, காக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. நான் பெட்ரோலிய வாடை அடிப்பதைத் தொடுவதில்லை, தண்ணீர் கலந்தது மட்டும் எப்போதாவது போடுவேன். மட்கார்டுக்கு அடியில் விளக்குப் பட்டை வைப்பது முகாமில் நிற்கும்போது காலடிக்கு வெளிச்சமாக நன்றாக இருக்கும். ஓடும்போது எரியலாமா என்பதற்கு ஊருக்கு ஊர் விதி வேறு, அதனால் தனி சுவிட்ச் வைத்து அணைத்துவிடுங்கள். பக்கவாட்டுப் பிரதிபலிப்பானை மூடாதீர்கள், முன்னோக்கிச் சிவப்பு ஒளிரும் எதையும் வைக்காதீர்கள். மட்கார்டின் மேல் ஏறி நின்று கூரையைத் துடைக்கிற பழக்கம் உங்களுக்கோ குழந்தைகளுக்கோ வரும் என்று தோன்றினால், படம் வரைவதற்கு முன் அடியில் ஒரு தாங்கு கம்பியும் உச்சியில் சொரசொரப்புப் பட்டையும் கொடுத்துவிடுங்கள். வரைந்த பிறகு வெல்டிங் வைத்தால் எல்லாம் கருகிவிடும்.

எல்லாம் மாட்டியதும் நட்டுகளை எதிரெதிராக, நட்சத்திர வரிசையில், ஆக்சிலோடு வந்த தாளில் உள்ள அளவுக்கு டார்க் ரென்ச்சால் முறுக்குங்கள். அரை அங்குல ஸ்டட்டுக்குப் பெரும்பாலும் 120 முதல் 160 நியூட்டன் மீட்டருக்குள் இருக்கும், உங்கள் தாள் சொல்வதே முடிவு. பிறகு ஒரு நீண்ட ஓட்டம் போங்கள். 15, 40, 80 கிலோமீட்டர்களில் நிறுத்தி அதே அளவுக்கு மறுபடி முறுக்குங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் புறங்கையால் ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங்கையும் பிரேக்கையும் பார்க்க வேண்டும். புது நிறத்தில் நட்டைச் சுற்றிக் கோடு ஏதும் கிளம்பியிருக்கிறதா, ஹப்பிலிருந்து பிசுக்கு தெறித்திருக்கிறதா, மட்கார்டின் உள்ளே டயர் உரசிய கறுப்புத் தடம் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் மீதமுள்ள பெயிண்ட்டைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் விளிம்பு வரை ஊற்றி, மூடியை இறுக்கி, நிறத்தின் எண்ணை மேலே எழுதி டிரெய்லரின் சமையல் அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். முதல் கல்லடி விழுந்ததும் அதில் நனைத்த ஒரு தீக்குச்சியே போதும்.